கல்லும் கண்ணீரும்

2018 செப்டம்பரில், பிறர்மனை உறவைத் தண்டித்த 497-ஆம் சட்டப்பிரிவு செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குப் பெரியவர் ஒருவர், "சாமி, இனி அது பாவமில்லையா?" என வருந்திக் கேட்டார்.

"பாவமே. ஆனால் எல்லாப் பாவங்களையும் தண்டிப்பது அரசின் பணியன்று" என்றேன். மனிதச் சட்டம் பெருந்தீமைகளை, குறிப்பாகப் பிறருக்கு ஊறு விளைப்பவற்றைத் தடுப்பதே முறை என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை.

"மனைவியின் கண்ணீர் ஊறில்லையா, சாமி?"

உடனே விடை கூற இயலவில்லை. அச்சட்டம் இருந்தபோதும் வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் கண்ணீரைத் துடைத்திருக்க வேண்டியவர்கள் நாமல்லவா? அப்பணியைச் சட்டத்திடம் விட்டுவிட்டு நான் வாளாவிருந்தேனோ?

கல்லெறிய வந்தோரைக் கலையச் செய்த ஆண்டவர், பாவத்தைப் பாவமன்று எனவில்லை. மனந்திரும்பி வாழ வழி திறந்தார். அவ்வழியில் துணைநிற்பதே நம் கடமை.