லயத்துக் கருங்கற் சுவர்கள்

கட்டடக் கலை என்றதும் நம் உள்ளம் கோயில்களையும் கோட்டைகளையும் நாடுவது இயல்பு. எனினும், கேகாலை மாவட்டத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் லயங்களும் ஆராயத்தக்க கட்டடங்களே.

கல் மலிந்த மலைச்சரிவுகளில் கருங்கல்லே லயத்தின் சுவராயிற்று. ஒழுங்காகச் செதுக்கப்படாத கற்களை அடுக்கி, இடைவெளிகளை மண்ணாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ நிரப்பினர். தடித்த அச்சுவர்கள் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆனால், புற்கூரை நீங்கித் தகரம் வந்தபின் அந்த நன்மை பெரிதும் குறைந்தது.

அறையொன்று ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயங்களில் அறைகள் முதுகோடு முதுகாக அமைந்துள்ளன. நடுச்சுவர் இரு குடும்பங்களுக்கும் பொதுவாகையால் பின்புறம் சன்னல் வைக்க வழியில்லை. அடுப்புப் புகை வெளியேற முன்வாசலே கதி. ஆகவேதான் பலர் இஸ்தோப்பை அடைத்துச் சமையலறையாக்கினர்.

இத்துணைச் சிறிய அறை ஏன்? கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதத் தங்கலுக்கு அதுவே போதும் எனத் தோட்ட உரிமையாளர் கருதினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்வந்த தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டனர், குடும்பங்கள் நிலைத்தன. பயிர் மாறியது, அறையின் அளவு மாறவில்லை.

சுவரின் உறுதி மட்டும் வீட்டைக் காக்காது; அது நிற்கும் இடமும் உறுதியாயிருத்தல் வேண்டும். 2016 மே மாதப் பெருமழையில் புலத்கொஹுபிட்டிய, களுப்பஹன தோட்டத்திலே மண்சரிந்து லயக் குடியிருப்பை மூடியது; பல உயிர்கள் மாண்டன. மலையடிவார லயங்களில் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான நிலத்தில் தனிவீடு அளிப்பது காலம் தாழ்த்தத் தகாத கடமையாகும்.

மக்கள் வெளியேறிய பின்னர் எல்லா லயங்களையும் இடித்துவிடுதல் தகுமா? கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. கேகாலையிலும் ஒரு கருங்கல் லயமேனும் அவ்வாறு நிலைபெறுதல் நன்று. அதுவரை நம் மாணவர்கள் அளவுநாடாவுடன் சென்று, சுவரையும் கூரையையும் அளந்து, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கினர் என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. அவ்வேடு நம் சரித்திரத்தின் ஒரு பகுதியாகும்.