கிரியோன் கேட்ட கேள்வி

"அவன் கொடியவன். கொடியவனாகவே நடி!" என்றோம். அங்கேதான் தவறினோம்.

நம் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்று வேண்டும் என்றனர். புராணக் கதை வேண்டாம்; கண்ணீர்க் காதல் கதையும் வேண்டாம்; சிந்திக்க வைக்கும் துன்பியல் நாடகம் ஒன்றை மேடையேற்றுவோம் எனத் துணிந்தோம். கிரேக்க நாட்டு ஏதென்சு நகரிலே, கி.மு. 441 அளவில், சோபக்ளிசு படைத்த 'ஆன்டிகனி'யைத் தேர்ந்தெடுத்தோம். எளிய உரைநடைத் தமிழில் நாமே எழுதியும் தந்தோம்.

கதை இதுதான். தீப்சு நகரின் அரியணைக்காக உடன்பிறந்தார் இருவர் போரிட்டு, ஒருவரை ஒருவர் கொன்று மாண்டனர். அவர்தம் தாய்மாமன் கிரியோன் மன்னனானான். நகரைக் காத்தவனுக்குச் சிறப்புடன் அடக்கம். படையெடுத்து வந்தவன் உடலோ நாய்க்கும் பறவைக்கும் இரை. அதைப் புதைப்போர்க்குச் சாவு! இது அவன் ஆணை. மாண்டவர்களின் தங்கை ஆன்டிகனி ஆணையை மீறினாள்; அண்ணன் உடல்மீது மண் தூவினாள்; பிடிபட்டாள்.

"ஏற்கும் பாத்திரத்தின் நெஞ்சுக்குள் நுழையுங்கள். அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள்" என ஒத்திகையின் முதல் நாளே முழங்கினோம். மாணவர் கேட்கவும் தொடங்கினர். ஆன்டிகனியின் உடன்பிறந்தாள் இசுமினியாக நடித்த பெண், "இவளைக் கோழை என்று நினைத்தேன் அய்யா. ஆனால், பிறகு ஆன்டிகனியோடு சாகவும் முன்வருகிறாளே! ஒருமுறை அஞ்சியவர் எல்லாம் கோழையரா?" என்றாள். காவலனாக நடித்த சிறுவன், "இவனுக்கும் இரக்கம் இருக்கிறது, தன் உயிர் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றான். பூரித்துப் போனோம்.

பிறகு கிரியோன் கேட்டான். "அய்யா! தெய்வங்களின் எழுதாச் சட்டம் என்கிறாள் ஆன்டிகனி. நாட்டின் சட்டம் என்கிறான் கிரியோன். சாத்திரமா, சட்டமா என்று வகுப்பில் கேட்டால், சட்டமே என்பீர்கள். இவன் மட்டும் எப்படிக் கொடியவன் ஆனான்?"

விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கம் வேண்டாம். கண்ணை உருட்டு, உறுமு, அது போதும்!" என்று சீறினோம்.

மறுநாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள், வேறு வழியின்றிக் கிரியோனின் உரையை நாமே படித்தோம். அவன் மகன் ஏமோன், தான் ஒருவனே அறிவாளி என்று எண்ண வேண்டாம் எனத் தந்தையிடம் மன்றாடும் காட்சி அது. இந்த வயதில், இவ்வளவு சிறியவனிடம் பாடம் கற்பதா என்று கிரியோன் சினக்கிறான். அதைப் படித்தபின் நமக்கு நா எழவில்லை. மாணவர்கள் சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்போம். அவர்கள் தலைகுனிந்து நின்றனர்.

அன்று மாலையே அவன் வீடு தேடிச் சென்றோம். விடை தெரியாததால்தான் சினந்தோம் என ஒப்புக்கொண்டோம். அவன் மடியிலே நாடகப்படி இருந்தது.

"தேடிப் பார்த்தேன் அய்யா. கிரியோனும் சீயசு தெய்வத்தின் பெயரால்தான் சூளுரைக்கிறான். இரு பக்கமும் தெய்வம்! ஆகவே வழக்கு தெய்வத்தைப் பற்றியதன்று. மறுத்துப் பேசுபவரின் சொல்லைக் கேட்பதா, கூடாதா என்பதே வழக்கு" என்றான். சற்றுப் பொறுத்துத் தொடர்ந்தான். "இன்னொன்றும் கண்டேன். குறிசொல்லும் முதியவனின் எச்சரிக்கைக்கு நடுங்கி, கிரியோன் இறுதியில் மனம் மாறுகிறான். முதலில் குகையில் அடைபட்ட பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்று ஊர்ப்பெரியோர் கூறுகின்றனர். அவனோ பிணத்திடம்தான் முதலில் போகிறான்! அதற்குள் அவள் தூக்கிட்டு மாண்டுபோகிறாள். உறுமினால் போதாது அய்யா. அச்சத்தைத்தான் நடிக்க வேண்டும்."

எத்தனை முறை படித்தோம்! பிணத்துக்குச் சடங்கு முடியும்வரை உயிருள்ளவள் காத்திருந்தாள் என்பது நம் கண்ணுக்குப் படவில்லையே!

ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதே நாடகத்தை நடித்தபோது, நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரியோன்தான் என்பதை அவனுக்குச் சொன்னோம். அடக்குமுறையின் கொடுமையை உடலால் அறிந்தவர், ஆள்பவனின் உடையை அணிந்து பார்த்தார். சிறுவன் முகம் மலர்ந்தது. மறுநாள் வந்தான்.

விழா மேடையில் அவன் உறுமவில்லை. தாழ்ந்த குரலில் ஆணையிட்டான். அது உறுமலைவிட அச்சம் தந்தது. மகன் உடலோடு திரும்பி வந்தவன் அழுதபோது, அவனை வெறுக்க எவராலும் முடியவில்லை. அவன் செய்ததை மன்னிக்கவும் முடியவில்லை.

தோழர்களே! 'ஏன்' என்று கேள் என ஊருக்கெல்லாம் சொல்கிறோம். நம்மையே நோக்கி ஒரு சிறுவன் 'ஏன்' என்றால், நம் முகம் என்ன நிறம் கொள்கிறது? பகுத்தறிவுக்குத் தேர்வு அங்கேதான். அத்தேர்வில் நாம் தோற்றோம்; திருத்திக்கொள்ளக் காலம் இருந்தது. கிரியோனுக்கு அது கிட்டவில்லை.