அழுத்து மூடியும் அளவறிந்த கையும்

ஒரு பொறியை இயக்குதல் வேறு. அதனைப் பொருளுக்கேற்ப அளவுபடுத்தி நிறுத்துதல் வேறு. முன்னையது விசையைத் திருப்பத் தெரிந்த எவர்க்கும் இயலும். பின்னையதோ பொறியின் இயல்பையும் அதனுள் இடப்படும் பொருளின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவர்க்கன்றி வாய்ப்பதில்லை. எனினும் நமது நாட்டில் தொழிலறிவு பற்றிப் பேசப்படும்போது, பொறியைக் கண்டவர் பெயரும் அதை வாங்கியவர் பெயரும் நினைவுகூரப்படுகின்றனவேயன்றி, அதனை நாள்தோறும் அளவுபடுத்தி நின்றவரைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. மலையகத் தேயிலைத் தொழிற்சாலையின் 'ரோலர்' இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகச் செல்லும் பாதை பன்வில நகரை அடைந்து, அப்பால் ஹுலுகங்கை, மடுல்கெலை என மேலேறிச் செல்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவுகள் இவை. முன்னர் கோப்பி விளைந்த இம்மண்ணில், 1869 இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வேரூன்றியது. அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1867 இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசையிட்டு, மனிதக் கைகளாலேயே கொழுந்து உருட்டப்பட்டது. பின்னர் உருட்டுதற்குப் பொறியொன்றை டெயிலர் அமைத்தார். அசாமில் 1870 களின் தொடக்கத்தில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய உருட்டுப் பொறி, பின்னர் இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனத்தாரால் பெருமளவிற் செய்யப்பட்டுத் தேயிலை நாடுகளெங்கும் பரவியது. ஆயின் உற்று நோக்கினால், அப்பொறி செய்ய முயன்றது வேறொன்றுமன்று. இரு உள்ளங்கைகளுக்கிடையே கொழுந்தை வைத்துத் தேய்க்கும் அதே அசைவையே அது இரும்பில் வடித்தது.

பொறியின் அமைப்பு எளியது. வட்டமான மேசையொன்று, அதன் மேற்பரப்பிற் பித்தளைச் சட்டங்கள் வளைந்து பதிந்திருக்கும். மேசைக்கு மேலே அடியற்ற உருளைக் கூடொன்று கொழுந்தைத் தாங்கியவாறு சுற்றிச் சுழலும். கூட்டின் வாயை மூடிநிற்பது அழுத்து மூடி. மேலேயுள்ள சில்லைத் திருப்பினால் மூடி கீழிறங்கிக் கொழுந்தை அழுத்தும். மறுபுறம் திருப்பினால் மேலெழும். நிமிடத்துக்கு ஏறத்தாழ நாற்பது சுற்று. அவ்வளவே.

ஆனால் அந்த எளிமைக்குள்ளேதான் நுட்பம் ஒளிந்திருக்கின்றது. கூட்டுக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளி மிகுந்தால் கொழுந்து வெளியே சிதறும். குறைந்தால் இரும்பும் பித்தளையும் உராயும். சட்டங்கள் தேய்ந்தால் இலை முறுகாது வழுக்கும். கூட்டை அளவுக்கு மீறி நிரப்பினால் அடியிலுள்ள இலை மேலே புரண்டு வராது. குறைவாக நிரப்பினால் இலை ஒன்றோடொன்று பொருதாது. இவையாவும் ஒருமுறை சரிசெய்தபின் சில காலம் நிலைத்திருப்பவை. நிலையாதது ஒன்றே, அதுதான் மூடியின் அழுத்தம்.

பசுங்கொழுந்தின் நிறையில் முக்காற் பங்கிற்கு மேல் நீர். வாட்டும் மாடியில் இரவு முழுதும் பரப்பி வைத்து அதிற் பெரும்பகுதியைப் போக்கிய பின்னரே இலை உருட்டுக்கு வரும். மழைநாளின் இலையும் வெயில்நாளின் இலையும் ஒரே பதத்தில் வாடுவதில்லை. முதலுருட்டில் மூடி இலையைத் தொட்டும் தொடாமலும் நிற்றல் வேண்டும். பின்பு சல்லடையிற் சலித்து நுண்ணிய பகுதியைப் பிரித்து, எஞ்சிய முரட்டிலையை மீண்டும் கூட்டிலிட்டு, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டல் வேண்டும். அவ்வாறு கூட்டுங்காலும் இடையிடையே மூடியை உயர்த்தி இலை புரளவும் சூடாறவும் விடல் வேண்டும். அழுத்தம் போதாவிடில் இலையின் உயிரணுக்கள் உடையா, சாறு வெளிப்படாது, தேநீர் சாரமற்றதாகும். மிகையாயின் இலை சூடேறி, முறுக்கிழந்து, தட்டையாகச் சிதையும். சலித்தெடுத்த நுண்பகுதியைத் தொழிலாளர் 'தூள்' என்றே அழைப்பர். உலகத் தேயிலை நூல்களிலும் அச்சொல்லே வழங்குகின்றது என்பது தமிழர் மனங்கொள்ளத்தக்கது.

பன்விலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் தொழிற்சாலையில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரோலரடியில் நின்ற ஒருவர் உண்டு. வாடிய இலையில் ஒரு பிடி அள்ளி இறுக்குவார். பின்பு விரல்களை விரிப்பார். உருண்டை தானாக மெல்ல மெல்ல விரிந்தால் பதம் சரி. சட்டென விரிந்தால் வாட்டம் போதாது. அதன்படியே மூடியின் சில்லைத் திருப்புவார். அவரிடம் அளவுகோல் இல்லை. கடிகாரத்தைக்கூட அடிக்கடி நோக்குவதில்லை.

மழை ஓயாத ஓர் இரவில் கொழுந்து மிகுதியாக வந்து குவிந்தது. வாட்டும் மாடியில் இடமில்லை. வேலையை விரைந்து முடிக்குமாறும், முதலுருட்டிலேயே மூடியை இறக்குமாறும் மேலிருந்து உத்தரவு வந்தது. "இலை இன்னும் வதங்கலீங்க ஐயா. இப்ப அமுக்கினா சாறெல்லாம் ஓடிரும்" என்றார் அவர். உத்தரவு மாறவில்லை. மூடி இறங்கியது. மேசை விளிம்பில் சாறு வழிந்து தரையிற் சொட்டியது. அன்றைய தேயிலை மங்கிய நிறத்துடன் உலர்ந்தது. பதிவேட்டில் எழுதப்பட்டவை நேரமும் நிறையும் மாத்திரமே. எச்சரித்த சொல்லுக்கு அதிற் கட்டம் இல்லை. எனவே பிழை ரோலர்காரர் மீது சுமத்தப்பட்டது. ஒரு வாரம் அவர் வெளிவேலைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாரம் முழுதும் ரோலர் ஓடியது. தூள்தான் ஒருநாளும் ஒரே பதத்தில் விழவில்லை. எட்டாம் நாள் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இது தனியொருவரின் மனக்குறை அன்று. பெருந்தோட்டப் பொருளாதாரம் தொடக்கமுதல் உழைப்பை இரு அளவைகளால் மாத்திரமே மதித்து வந்துள்ளது: ஒன்று நாள், மற்றது நிறை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும் விவாதிக்கப்பட்டவை இவ்விரண்டுமே. சம்பளம் உயர்தல் இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆயினும் உடலுழைப்பாளி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டவரிடத்தே ஓர் அறிவுத்துறையே உறைந்திருக்கின்றது என்ற உண்மை, சம்பளப் பேச்சில் மட்டுமன்றிப் படித்தவர் எண்ணத்திலும் இடம்பெறவில்லை. இலைக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அறிந்தவரின் மேல் எவ்வளவு அழுத்தம் சுமத்தலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கண்டிக்கு அண்மையில், ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை, 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய பொறிகள் அங்கே பேணப்படுகின்றன, மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இரும்பைப் பேணலாம். அதன் சில்லை எப்போது எவ்வளவு திருப்புவது என்ற அறிவைக் கண்ணாடிப் பேழையில் வைக்க இயலாது. கண்டி மாவட்டத்தில் தொழிற்சாலைகள் மூடப்படுந்தோறும், இளையோர் நகரங்களை நோக்கிச் செல்லுந்தோறும், அவ்வறிவு எழுத்தில் ஏறாமலே மறைகின்றது. இளையோர் செல்வதைக் குறைகூறுவதற்கில்லை. மதிப்பில்லாத இடத்தில் அறிவு தங்குமென எதிர்பார்த்தல் நியாயமன்று.

பேராதனைக்கு 1964 இல் இடம்பெயர்ந்த பொறியியற் பீடமும், தமிழ் கற்பிக்கும் கலைப்பீடமும் இத்தொழிற்சாலைகளிலிருந்து பெருந்தொலைவில் இல்லை. ஒன்று பொறியை அறியும். மற்றது சொல்லை அறியும். வாட்டம், உருட்டு, தூள், பதம் என ரோலரடியில் வழங்கும் சொற்களையும், அவற்றின் பின்னேயுள்ள செய்முறையையும், அவற்றை அறிந்தவர் வாயிலிருந்தே கேட்டு எழுதிவைத்தல் இவ்விரு பீடங்களின் மாணவரும் இணைந்து ஆற்றத்தக்க பணி. அப்பதிவேட்டில் நேரமும் நிறையும் மட்டுமல்ல, "இலை இன்னும் வதங்கவில்லை" என்ற சொல்லுக்கும் ஒரு கட்டம் இருத்தல் வேண்டும்.