இயற்சொல்லும் திசைச்சொல்லும்

திரியாய் ஊர்ச் சொற்களைத் திரட்டிக் கணினிவழி நூலாக்க முயன்றகாலை எமக்கு நேர்ந்ததொன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். கோப்புகளைத் தொகுக்கும் கட்டளை நிரலை எம் மாணவன் ஒருவன் எழுதினான். அஃது அவன் இல்லத்து ஃபெடோராக் கணினியில் நன்கு இயங்கிற்று. எமது உபுண்டுக் கணினியிலோ முதியோர் கூறிய சொற்பகுதி முழுவதும் விடுபட்டது. பிழைச்செய்தி ஒரு வரி தோன்றியும் வேலை நில்லாது முடிந்தமையின், அதனை எவரும் நோக்கிலர்.

காரணம் ஆராய்ந்தோம். கட்டளைகளை ஏற்று இயக்கும் ‘ஷெல்’ இரண்டிடத்தும் ஒன்றன்று. ‘எஸ்எச்’ என அழைப்பின் ஃபெடோராவில் வருவது ‘பாஷ்’. உபுண்டுவில் 2006 முதல் வருவது ‘டாஷ்’. பாஷ் ஏற்கும் இரட்டைச் சதுர அடைப்பை டாஷ் அறியாது. நிபந்தனை பொய்த்ததெனக் கொண்டு அப்பகுதியைத் தாண்டிச் செல்லும். தலைவரியில் பாஷின் பெயரைப் பொறிக்கலாம். ஆயின் பாஷ் இல்லாக் கணினியில் நிரல் இயங்காது. எனவே ‘போசிக்ஸ்’ பொதுவிதிப்படி ஒற்றை அடைப்பிட்டு, மாறிகளை மேற்கோட் குறிக்குள் அமைத்து, இரு ஷெல்களிலும் இயக்கிப் பார்த்தோம். முதியோர் சொற்கள் மீண்டன.

தொல்காப்பியர் இயற்சொல்லையும் திசைச்சொல்லையும் வேறு வகுத்தார், திசைச்சொல்லை இகழ்ந்தாரல்லர். ஊர்ச்சொல் திரட்டிய யாமும் இகழோம். எனினும் பல ஊர் செல்லும் ஓலையை எல்லார்க்கும் விளங்கும் சொல்லால் எழுதுதலே முறை. பல கணினி செல்லும் நிரற்கும் அஃதே.