கூரைக்கு வெள்ளைச் சட்டை

பங்காருபேட்டை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் தையல் கூடம். இருபது மெஷின்கள், இரண்டு இஸ்திரி மேஜைகள், தலைக்கு மேல் துருவேறிய தகரக் கூரை. பெங்களூர் கம்பெனிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறோம். 2022 ஏப்ரலில் ஒரு மதியம், காலர் தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மெஷின் மீதே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து வாசலில் உட்காரவைத்தோம். கண் திறந்ததும், "மேலே ஒரு அடுப்பு எரியுதுண்ணா" என்றார்.

வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை நான் கணக்குப் பார்த்தது அவருடைய உடம்பை அல்ல, குறைந்துபோன சட்டைகளை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். மயங்கி விழுந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் சம்பளம் குறைந்தது.

என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத் தொழிலாளி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பூமிக்கடியில ரெண்டு, மூணு கிலோமீட்டர் போனா பாறையே கொதிக்கும். கம்பெனி மெஷின் வெச்சுக் குளிர்ந்த காத்தை உள்ளே எறக்குச்சு. தங்கம் வேணுமில்ல? மேலே லைன் வீட்டுல, தகரத்துக்கடியில நீங்க எல்லாம் வெந்துகிட்டு இருந்தீங்க. அங்கே யாரும் மெஷின் வெக்கல." 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது. தகரக் கூரைகள் மட்டும் மிச்சம். இப்போது என்னுடையதும் அவற்றில் ஒன்று என்பது உறைத்தது.

கூரையை மாற்றப் பணம் இல்லை. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு இருக்கிறது, ஒழுகலும் நிற்கும் என்றார்கள். குறைந்த கூலி கேட்ட ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். ஒரே நாளில் அடித்து முடித்துவிட்டுப் போனார். பார்க்கக் கண் கூசியது. ஆடியில் பெய்த மழையில் பூச்சு அப்பளம் அப்பளமாகக் கழன்று, தைத்து அடுக்கிய துணி மேல் நீர் சொட்டியது.

தப்பு பூச்சில் இல்லை, பூச்சுக்குக் கீழே இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. தூசி மேலும் துரு மேலும் அடித்த பூச்சு, தகரத்தைப் பிடிக்கவில்லை, தூசியைத்தான் பிடித்துக்கொண்டது.

2023 பிப்ரவரியில் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நானும் கூரை மேல் ஏறினேன். கழன்ற பூச்சைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, கூரை முழுவதையும் கழுவிக் காயவிட இரண்டு நாள் ஆனது. துரு இருந்த இடங்களில் துருத் தடுப்பு பிரைமர். தளர்ந்த போல்ட்டுகளுக்குப் புது வாஷர். தகரமும் தகரமும் சேரும் இடங்களில் வலைத்துணி வைத்துப் பூச்சு. அதன் பிறகுதான் ரோலரால் முதல் கோட், அது நன்றாகக் காய்ந்ததும் இரண்டாவது. (ஆஸ்பெஸ்டாஸ் கூரை வைத்திருப்பவர்கள் இப்படித் தேய்க்கக் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.)

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. துருவேறிய தகரம் வெயிலின் பெரும் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளைப் பூச்சு பெரும் பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் சீக்கிரம் வானத்துக்கே விட்டுவிடுகிறது. பளபளக்கும் புதுத் தகரத்துக்கு இந்த இரண்டாவது குணம் கிடையாது. வெயிலை எறிந்தாலும் உள்வாங்கிய சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். சாதாரண பெயின்ட் காய்ந்தால் விறைத்துவிடும். அக்ரிலிக்குக்கு ரப்பர் போல் இழுபடும் தன்மை உண்டு. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தகரத்தோடு சேர்ந்து போவதால் எளிதில் வெடிப்பதில்லை.

ஏப்ரல் வந்தது. மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் தொங்கும் வெப்பமானி, முந்தைய ஆண்டைவிட நான்கு டிகிரி குறைத்துக் காட்டியது. நான்கு டிகிரிதானா என்று கேட்பவர்கள், இஸ்திரி மேஜை அருகே ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

இது என் ஒருவன் கூடத்துச் சமாசாரம் மட்டும் அல்ல. 2010 மே மாத அனல் காற்றில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் திட்டம் வகுத்தது. பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் அதில் சேர்ந்தது. 2023 ஏப்ரலில் தெலுங்கானா, குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அரசாங்கங்களே கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டன. பட்டறை முதலாளிகளுக்கு மட்டும் என்ன தயக்கம்?

குறைகளும் உண்டு. தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் தாங்காது. வாட்டம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்து இற்றுப்போன தகரத்தைப் பூச்சு காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும். மார்கழியில் கூடம் கொஞ்சம் கூடுதலாகவே சில்லிடுகிறது. தூசி படிந்தால் வெள்ளை மங்கும், குளுமையும் மங்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும்.

அதை நான் மறந்தாலும் மறக்காத ஒருவர் உண்டு. மாசி பிறந்ததும் காலர் மெஷினிலிருந்து குரல் வரும்: "அண்ணா, கூரையைக் கழுவியாச்சா?"