எந்தக் கரையில் தங்குவது?

தூரதேசப் பிரயாணத்துக்கு ஆயத்தஞ் செய்யும் குடும்பங்களிலே, விமானச் சீட்டைப் பற்றி எழும் விவாதம் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். தங்குமிடத்தைப் பற்றி எழும் விவாதமோ இலேசில் அடங்குவதில்லை. எம் வீட்டில் அது நான்கு மாதம் நீடித்தது.

2018 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், ஆபிரிக்காவிலுள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் காண நாம் சென்றிருந்தோம். எம்முடன் எம் மனைவியும், மக்கள் இருவரும், எம் ஐயாவும் வந்தனர். உண்மையைச் சொல்வதாயின், பிரயாணம் ஐயாவினுடையது. மற்றையோர் நால்வரும் துணைக்குச் சென்றவர்களே.

ஐயா முப்பத்தொரு வருடம் பாடசாலையிற் பூமிசாத்திரம் கற்பித்தவர். ஆபிரிக்கப் பாடம் வரும் நாளில் கரும்பலகையிற் சாம்பசி ஆற்றை ஒரே இழுப்பில் வரைவார். நடுவிலே ஒரு வெட்டு வெட்டி, வெண்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்து, மேலெழும் நீர்ப்புகையையும் காட்டுவார். அவரிடம் படித்தவர்களுள் நாமும் ஒருவராதலால் இது எமக்கு நன்கு தெரியும். ஆயினும் அவர் கடவுச்சீட்டு எடுத்ததே எழுபத்து மூன்றாம் வயதிலேதான். அதற்குள் கண்ணில் அழுத்தம் கூடும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. குளுக்கோமா என்னும் அந்நோய் ஓசைப்படாமல் வந்து பக்கப் பார்வையை முதலிற் கவர்ந்துகொள்ளும். நேரே உள்ளது மாத்திரம், குழலினூடே பார்ப்பதுபோல், சில காலம் எஞ்சியிருக்கும். போன பார்வை மீளாது என்றும், எஞ்சியதைக் காப்பதே மருந்தின் வேலை என்றும் வைத்தியர் கூறிவிட்டார்.

எந்த மாதம் போவது என்பதில் முதற் பிணக்கு உண்டாயிற்று. அந்த ஆற்றின் போக்கு எம் ஊர் ஆறுகளின் போக்கன்று. கார்த்திகை முதற் சித்திரை வரை, வெகு தொலைவிலுள்ள அங்கோலா, சாம்பியா மேட்டு நிலங்களில் மழை பெய்கிறது. அந்த வெள்ளம் இடையிலுள்ள பரோட்சே என்னும் பெருஞ் சமவெளியிற் பரவி நின்று, பின் ஆறுதலாக இறங்கி வருகிறது. ஆகையால் நீர்வீழ்ச்சியடியில் மழை ஓயும் வேளையிலேதான் ஆறு பெருகி நிற்கும். மாசி, பங்குனியில் ஏறத் தொடங்கி, சித்திரையை அண்டி உச்சத்தை அடையும். அப்போது எழும் நீர்த்திவலை எதிரேயுள்ள அருவியையே மறைத்துவிடும். ஆவணியில் நீர் ஓரளவு வடிந்து, திரை விலகியது போல முழு அருவியும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மெலிந்து, கீழைப் பகுதியிற் பாறைதான் மிஞ்சும்.

இவற்றையெல்லாம் நாம் ஆராய்ந்து, ஆவணி விடுமுறையே தக்கது என்று தீர்ப்புக் கூறினோம். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவணிக்கு ஆறு நிற்கும், தம்பி. என்ர கண் நிற்குமோ தெரியாது," என்றார்.

அதன்பின் சித்திரையைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை.

இனித் தங்குமிடம். சாம்பசி ஆறு அவ்விடத்தில் இரண்டு நாடுகளுக்கு எல்லை. வடகரை சாம்பியா, தென்கரை சிம்பாப்வே. அருவி இரண்டுக்கும் பொது. 1989 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோதும் இரு நாடுகளின் பேரிலுமே சேர்த்தது. சாம்பியாக் கரையில் லிவிங்ஸ்டன் என்னும் பட்டினம் அருவியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. சிம்பாப்வேக் கரையில் விக்டோரியா போல்ஸ் என்ற சிறு நகரோ அருவியின் வாயிலிலிருந்து கால்மணி நேர நடைதான். அருவியின் முகத்தில் நான்கில் மூன்று பங்கை இக்கரையிலிருந்தே காணலாம் என்பர். அக்கரையிலிருந்து கீழைப் பகுதியைக் கையெட்டும் தூரத்திற் பார்க்கலாம். நீர் குறைந்த காலமாயின் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிச் செல்லும் பாதையும் உண்டு.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நாம் லிவிங்ஸ்டனையே தெரிந்தெடுத்தோம். காரணத்தை மறைப்பானேன்? அங்கே மலிவு. ஆற்றங்கரையிலே நீர்யானைகள் முக்குளிப்பதைக் கட்டிலிலிருந்தே காணத்தக்க விடுதிகள் இருக்கின்றன. அவற்றின் ஒரு நாள் வாடகை எம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தென்கரையில் 1904 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற ஹோட்டல் ஒன்றுண்டு. அதன் முற்றத்திலிருந்து பாலமும் நீர்ப்புகையும் தெரியும். அதன் படத்தைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாமாகையால் அதைப் பல முறை பார்த்தோம். கடைசியில், லிவிங்ஸ்டன் கடைத்தெருவை அடுத்த ஒரு விருந்தினர் இல்லத்தில் நான்கு இரவுக்கும் முற்பணம் அனுப்பினோம். எம் மனைவி மாத்திரம், "அருவியைப் பார்க்கப் போகிற மாமாவை அருவி இல்லாத ஊரிலா இருத்தப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பத்துக் கிலோமீற்றர் ஒரு தூரமா என்று நாம் பதில் கூறினோம்.

லிவிங்ஸ்டன் இழிவான ஊர் அன்று. 1935 வரை வட றொடீசியாவின் தலைநகராக விளங்கியது. அகன்ற வீதிகளும் பழைய கட்டடங்களும் இன்றும் அதற்குச் சாட்சி. அங்குள்ள நூதனசாலை பிள்ளைகளுக்கு ஒரு பகற்பொழுதை இனிது கழிக்கப் போதுமானது. உணவைப் பற்றியும் குறை கூற மாட்டோம். சோள மாவைக் கிண்டிச் செய்யும் நிசீமா என்பது எம் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கீரையோடு சேர்த்துக் கையாலேயே பிசைந்து உண்ணலாம். ஐயா அதை விரும்பி உண்டார்.

குறை இரவிலேதான் தெரிந்தது. நடுச்சாமத்தில் விழித்தபோது ஐயா யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு மண்டபத்திலிருந்து வாத்திய முழக்கம். அப்பால் பாரவண்டிகளின் இரைச்சல்.

"என்ன ஐயா?"

"ஒண்டுமில்லை. மோசி-ஓ-அ-துன்யா எண்டால் முழங்கும் புகை எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தனான். முழக்கம் கேட்குதோ எண்டு பார்த்தன்."

அவ்வளவே சொன்னார். பின்பு படுத்துக்கொண்டார். எமக்குத்தான் விடியும் வரை உறக்கம் வரவில்லை. பகலிற் பார்ப்பதற்கு வந்தோம் என்று நாம் கணக்கிட்டிருந்தோம். பார்வை குறைந்தவருக்குப் பகல் என்ன, இரவு என்ன? கண் கொடாததைக் காது கொடுக்கக்கூடிய இடத்தில் அவரை வைத்திருக்க வேண்டும். இந்தச் சிறு விஷயம், நான்கு மாதம் பட்டியல் போட்ட எம் மூளைக்கு எட்டவில்லை. எம் மனைவி ஒரே கேள்வியிற் சொல்லிவிட்டார்.

மறுநாட் காலையிலேயே மூட்டை கட்டினோம். இல்லத்தார் எஞ்சிய மூன்று இரவுக்கான பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றனர். அது அவர்களுடைய விதி, பிழை எம்முடையது. இரு நாடுகளுக்கும் நுழைவு அனுமதி பெறுவதைப் பற்றி ஊரிலேயே விசாரித்து வைத்திருந்தமையால் எல்லையிற் சிக்கல் ஏற்படவில்லை. இவ்வழி செல்வோர் அதனை முன்கூட்டியே செய்துகொள்ளல் நன்று. இல்லையேல் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாது.

இரு கரைகளையும் இணைப்பது 1905 இற் கட்டி முடிந்த இரும்புப் பாலம். புகைவண்டியும் மோட்டார் வண்டியும் மனிதரும் அதன் மீதே செல்வர். 198 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தின் கீழே, 120 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஆறு கொந்தளிக்கிறது. கடந்து செல்லும் வண்டியின் மேல் அருவியின் திவலை படவேண்டும் என்று சிசில் றோட்ஸ் விரும்பியதால் அவ்விடம் தெரிவு செய்யப்பட்டது என்பர். அவர் 1902 இல் இறந்தார். பாலத்தையோ அருவியையோ அவர் கண்டதில்லை. ஐயா பாலத்தை நடந்தே கடக்க வேண்டும் என்றார். பேத்தியின் தோளைப் பிடித்தபடி நடந்தார். நடுவழியில் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது மறுபடியும் நனைந்தது. மறுபடியும் துடைத்தார். மூன்றாம் முறை துடைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டார்.

தென்கரையில் எளிய விடுதியொன்று கிடைத்தது. கட்டிலும் கொசுவலையும் ஒரு திண்ணையும். வேறு ஆடம்பரம் இல்லை. மலேரியா உள்ள பிரதேசமாதலால் கொசுவலையை நாம் ஆடம்பரத்திற் சேர்க்கவில்லை. இருட்டியபின் வீதியில் நடக்க வேண்டாம், யானை வரும் என்று எச்சரித்தனர். காட்டுப்பன்றிகள் பகலிலேயே கடை வாசலில் மேய்ந்தன. அன்று மாலை திண்ணையிலே கதிரை போட்டு ஐயாவை இருத்தினோம். முழக்கம் இருந்தது. தொலைவில் பெருமழை இரைந்து வருவது போலவும், வந்து சேராமலே நிற்பது போலவும் இருந்தது. எம் மகன் நித்திரை வராது என்று முறையிட்டான். ஐயா பேசவில்லை, பீங்கானிலிருந்த தேநீர் ஆறிப் போயிற்று.

அடுத்த நாள் அருவிக்குச் சென்றோம். இந்த அருவியின் அமைப்பு வேறெங்கும் காண்பதற்கு அரியது. அகன்ற ஆறொன்று, எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டான கரும்பாறையிலே தனக்குக் குறுக்கே கிடக்கும் ஒடுங்கிய பிளவினுள் அப்படியே விழுகிறது. பிளவின் எதிர்ச்சுவர் அருவியின் தலைமட்டத்துக்கே நிற்கிறது. நாம் அச்சுவரின் மேல் நடக்கிறோம். ஆகவே அண்ணாந்து பார்க்கும் அருவி அன்று இது. முகத்துக்கு முகம் பார்ப்பது. உயரம் 108 மீற்றர் தான். எம் நாட்டுப் பம்பரகந்தை அருவி 263 மீற்றர். ஆனால் இதன் அகலம் 1,708 மீற்றர். விழும் நீர் ஆண்டுச் சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 1,100 கன மீற்றர். நாம் போன மாதத்தில் அதற்குப் பன்மடங்கு.

மேற்கு அந்தத்தில், லிவிங்ஸ்டன் சிலையின் அருகே, சாத்தான் அருவி என்று பெயர் கொண்ட பகுதி தெளிவாகவே தெரிந்தது. அவர் 1855 கார்த்திகையில், நீர் வற்றிய காலத்தில், உள்ளூர்த் தோணிக்காரரின் துணையோடு அருவியின் விளிம்பிலுள்ள தீவில் இறங்கி எட்டிப் பார்த்தவர். சித்திரை வெள்ளத்தில் வந்திருப்பாராயின் அத்தோணி போயிருக்காது. அருவிக்கு அவருடைய மகாராணியின் பெயரும் அன்று வாய்த்திராது. அவ்விடத்து மக்களோ அவர் வருமுன்னரே அதற்குப் பெயரிட்டு வழங்கி வந்தனர்.

அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்லத் திவலை தடித்தது. வாயிலில் வாடகைக்கு எடுத்த மழைச்சட்டைகள் பேருக்குத்தான். மழை மேலிருந்தும் பெய்தது, கீழிருந்தும் பெய்தது. பெரும் அருவிக்கு எதிரே வந்தபோது முன்னால் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. எம் மகள், "அப்பப்பா, ஒண்டுமே தெரியேல்லை!" என்று கத்தினாள். சுற்றிலும் நின்ற ஐரோப்பியரும் படக்கருவிகளைப் பைக்குள் வைத்துவிட்டு வெறுமனே நின்றனர். அன்று அவ்விடத்தில் ஐயாவைக் காட்டிலும் அதிகம் கண்டவர் எவரும் இல்லை.

அவர் மாத்திரம் வழி தவறவில்லை. கைத்தடியால் இடப்புறம் காட்டி, "இது பெரும் அருவி. கொஞ்சம் நடந்தால் தீவு வரும். அதுக்கங்கால குதிரைலாட அருவி, பிறகு வானவில் அருவி," என்று முன்னே சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகையைத் தேடிப் பிடித்துப் பேரன் வாசித்தான். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நெடுநேரம் நடந்தும் முழக்கம் இடப்புறத்தை விட்டு அகலவில்லை.

"தம்பி, இவ்வளவு அகலமெண்டு நான் படிப்பிக்கேல்லை," என்றார் ஐயா. 1,708 என்ற எண்ணை அவர் வாயால் நாமே மனனஞ் செய்தவர்கள்.

ஒரே ஒரு முறை காற்றுத் திரும்பியது. திரை கிழிந்து, நுரைத்த நீர்ச்சுவர் ஒன்று சில விநாடி எதிரே நின்றது. ஐயா அதை நேரே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் கண்டோம். எவ்வளவு தெரிந்தது என்று நாம் கேட்கவில்லை.

முழுநிலவு நாளில் அங்கே இரவிலும் வானவில் தோன்றும். நாம் போனது அமாவாசையை அண்டிய நாட்கள், அது கிட்டவில்லை. மற்ற இரவுகளையும் ஐயா திண்ணையிலேயே கழித்தார்.

மறு ஆண்டு மார்கழியில், வறட்சியால் சாம்பியாப் பக்கத்து அருவி மெலிந்து பாறையாகக் கிடக்கும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. ஐயாவிடம் ஒன்றைக் காட்டுவதா விடுவதா என்று தயங்கி, கடைசியிற் கொடுத்தோம். உருப்பெருக்காடியை வைத்துக்கொண்டு, விளக்கடியில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"இஞ்ச பார், பாறையில வெடிப்பெல்லாம் தெரியுது. தண்ணி நிண்டால் இதைக் காணேலாது," என்றார். சற்றுப் பொறுத்து, "இதைப் பாக்கிறதெண்டால் அந்தக் கரையிலதான் தங்க வேணும்," என்றார்.

எம் மனைவி எம்மைத் திரும்பிப் பார்த்தார்.