ஸ்பேஸ் பாரை அழுத்துவது என் வேலை!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைக் குடம், ஓடாத டேபிள் ஃபேன், அப்பாவின் பழைய டைரிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஷூ டப்பா. திறந்தால், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஐந்து சிடிக்கள். 'பி.ஜி 1' முதல் 'பி.ஜி 5' வரை மார்க்கர் பேனாவில் அண்ணன் எழுதியிருந்தான். கூடவே அட்டை கிழிந்த நோட்டு ஒன்று. அதில் இருந்தது என் கையெழுத்து.

'நாஷ்கெல் சுரங்கம். கோபால்டு நிறைய வரும். வில் வச்சிருக்கும். கிட்ட போகக் கூடாது.'

நாலாம் வகுப்பில் எழுதியது. நாஷ்கெல் எங்கே இருக்கிறது என்று கூகுள் மேப்பில் தேடாதீர்கள். அது 'பால்டர்ஸ் கேட்' என்ற கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கும் ஊர்.

உங்களில் பலருக்கு 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' தெரிந்திருக்கும். அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் விருது வாங்கியது. நான் சொல்வது 1998 டிசம்பரில் வந்த முதல் பாகம். கனடாவின் எட்மன்டன் நகரத்தில், டாக்டருக்குப் படித்த நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த பயோவேர் நிறுவனம் உருவாக்கியது. ரோல் பிளேயிங் கேம் வகை. ஒரு கதாபாத்திரத்தை நாமே உருவாக்கி, ஆறு பேர் வரை கூட்டம் சேர்த்து, ஊர் ஊராகப் போய், எதிரில் வருபவர்களிடம் பேசி, சண்டை போட்டு, கதையை நகர்த்த வேண்டும்.

2008-ல் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் பென்டியம் 3 கம்ப்யூட்டர். அண்ணன் அப்போது இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம்.

சேர் அவனுக்கு, ஸ்டூல் எனக்கு

மவுஸ் அண்ணன் கையில். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, நோட்டில் குறிப்பு எழுதுவது. இன்னொன்று, ஸ்பேஸ் பாரை அழுத்துவது.

இந்த கேமில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் சண்டை அப்படியே உறைந்து நிற்கும். யார் யாரை அடிக்க வேண்டும், யார் மந்திரம் போட வேண்டும் என்று நிதானமாக யோசித்து உத்தரவு கொடுக்கலாம். மறுபடியும் அழுத்தினால் சண்டை தொடரும். "பாப்பா, ஸ்பேஸ்!" என்று அண்ணன் கத்தினால் நான் இரண்டு கையாலும் அடிப்பேன்.

கதையின் நாயகன் கேண்டில்கீப் என்ற நூலகக் கோட்டையில் வளர்ந்த அநாதை. அங்கிருந்து கிளம்பும் இரவே வளர்ப்புத் தந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். விடிந்தால், அதே கோட்டையில் கூட வளர்ந்த இமோயன் என்ற பெண் பின்னாலேயே வந்து நிற்பாள். போகச் சொன்னாலும் போக மாட்டாள். பூட்டைத் திறப்பாள், புதைத்து வைத்த பொறிகளைக் கண்டுபிடிப்பாள். "இது நான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதனால் அவளை மட்டும் அண்ணன் கூட்டத்தில் இருந்து நீக்கியதே இல்லை.

எல்லாமே ஆங்கிலம். பக்கம் பக்கமாக எழுத்து. புரியாத வார்த்தை வந்தால் அண்ணன் லிஃப்கோ டிக்‌ஷனரியைப் புரட்டுவான். அர்த்தத்தை நான் நோட்டில் எழுதுவேன். கேமில் சத்திரத்துக்குள் போய் ஒரு கோப்பை வாங்கினால், ஊரில் உலவும் வதந்திகள் காதில் விழும். 'ரூமர் என்றால் வதந்தி. உண்மையா என்று போய்ப் பார்க்கணும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ஃபார்வர்டு மெசேஜ்களைச் சரிபார்க்கும்போது அந்த வரி ஞாபகம் வரும்.

நான் சொன்ன ஒரு வரி

நாஷ்கெல் சுரங்கத்தில் முதல் தளத்தோடு திரும்பிவிட்டோம். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பேச்சு. ஆனால், அண்ணனால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் ராத்திரி நான் தூங்கிய பிறகு தனியாகவே முடித்துவிட்டான். காலையில் எழுந்து பார்த்தால் திரையில் வேறு ஊர்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நேராக அப்பாவிடம் போய், "அண்ணன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் வெளாண்டுச்சு" என்றேன். அன்றைக்கு அவனுக்கு செமஸ்டர் பரீட்சை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் சி.பி.யு-வைக் கழற்றி டி.வி.எஸ் வண்டியில் வைத்துக் கட்டி எடுத்துப் போய், நண்பர் ஒருவரின் கடையில் கணக்கு எழுதக் கொடுத்துவிட்டார். துணி போர்த்திய மானிட்டர் மட்டும் இரண்டு வருடம் மேஜையில் இருந்தது.

அண்ணனுக்கு அரியர் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டான். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால், வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் கடைசியில் அப்பா, "அந்த கேம்தான் இவனைக் கெடுத்துச்சு" என்பார். அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். அப்பாவிடம் யார் சொன்னது என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஷூ டப்பாவைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. இந்த கேமை மறுபடியும் ஓட வைக்க வேண்டும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பதினேழு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய கேம், புது லேப்டாப்

முதல் சிக்கல், என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. யு.எஸ்.பி-யில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கினேன். நான்கு சிடிக்கள் சுற்றின. நான்காம் நம்பர் சிடியில் கீறல். பாதி காப்பி ஆகி நின்றுவிட்டது. தவிர, அது அண்ணனின் நண்பர் யாரோ எரித்துக் கொடுத்த திருட்டுப் பிரதி. இப்போது சம்பாதிக்கிறேன், காசு கொடுத்தே வாங்கலாம் என்று தோன்றியது.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பழைய கேம்கள் புது கம்ப்யூட்டரில் ஏன் மக்கர் செய்கின்றன என்பதே ஒரு தனிக் கதை. தொண்ணூறுகளில் வந்த பல கேம்களின் இன்ஸ்டாலர் 16 பிட்டில் எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் திறக்கவே திறக்காது. கேம் நன்றாக இருக்கும், உள்ளே போகும் கதவு மட்டும் திறக்காது. திருட்டுப் பிரதியைத் தடுக்க சிலர் 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டைப் போட்டார்கள். விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து ஒரிஜினல் சிடி வாங்கியவருக்கும் பூட்டு திறக்காது!

அதற்கும் முந்தைய டாஸ் காலத்து கேம்கள் பலவற்றில் வேகம் பிராசஸரோடு கட்டப்பட்டிருக்கும். இன்றைய பிராசஸரில் போட்டால் கதாபாத்திரங்கள் பேய் பிடித்ததுபோல ஓடும். இதற்காகவே 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைப்போல நடிக்கும். வேகத்தையும் நாமே குறைத்துக்கொள்ளலாம்.

பணம் இருந்தாலும் மீட்க முடியாதவையும் உண்டு. எட்மன்டனிலேயே இருக்கும் பீம்டாக் என்ற நிறுவனம் 2012-ல் பால்டர்ஸ் கேட்டைப் புதுப்பித்து 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்று வெளியிட்டது. முதன்முதலில் ஓவியங்களை உருவாக்கிய மூலக் கோப்புகள் தொலைந்துபோனதால் அவற்றைத் திரும்ப வரைந்தெடுக்க முடியவில்லை. 2002-ல் வந்த 'ஐஸ்விண்ட் டேல் 2' கேமின் சோர்ஸ் கோடே கிடைக்கவில்லை. அதனால் அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. ஷூ டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கக்கூட அங்கே யாரும் இல்லை!

இதற்கு நேர்மாறாக, சம்பளம் வாங்காமல் இதைக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1992-ல் வந்த 'அல்டிமா 7' கேமுக்கு 'எக்ஸல்ட்', பால்டர்ஸ் கேட் வகை கேம்களுக்கு 'ஜெம்ஆர்பி', 1996-ன் 'டேகர்ஃபால்' கேமுக்கு 'டேகர்ஃபால் யூனிட்டி' என்று ரசிகர்களே வருடக்கணக்கில் உட்கார்ந்து புது இன்ஜின் எழுதியிருக்கிறார்கள்.

நான் ஜி.ஓ.ஜி தளத்தில் என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்கினேன். பழைய கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி தயார் செய்து விற்பதற்காகவே 2008-ல் தொடங்கப்பட்ட தளம் அது. இந்த கேம் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. அன்றைக்கு 640-க்கு 480 புள்ளிகளில் தெரிந்த படம், இப்போது முழுத் திரையில் தெளிவாக விரிந்தது.

ஓட வைத்துவிட்டேன். விளையாடத்தான் முடியவில்லை! முதல் சத்திரத்தின் படிக்கட்டில் நிற்கும் மந்திரவாதி என்னை மூன்று முறை கொன்றான். அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்ட அம்புக்குறி கிடையாது. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு வரி படிப்பதற்குள் என் கை போனை எடுத்து ரீல்ஸுக்குப் போனது. அன்றைய பொறுமையை எந்தத் தளத்திலும் டவுன்லோடு செய்ய முடியாது என்று புரிந்தது.

பொங்கல் லீவில்...

பொங்கலுக்கு லேப்டாப்போடு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கல் அன்று கடைக்கு லீவு. "அண்ணே, ஒண்ணு காட்டணும்" என்று திறந்தேன். இசை ஆரம்பித்ததுமே அவன் முகம் மாறியது. ஒரு வார்த்தை பேசாமல் சேரை இழுத்துப் போட்டான். நான் ஸ்டூலைத் தேடிப் போனேன்.

படிக்கட்டு மந்திரவாதியிடம் வந்தபோது, "பாப்பா, ஸ்பேஸ்!" என்றான். அழுத்தினேன். சண்டை நின்றது. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னது நான்தான்ணே. உனக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே, "தெரியும்" என்றான். "அன்னிக்குப் பூரா நீ என் மூஞ்சியவே பாக்கல."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"நாலாங்கிளாஸ் புள்ளகிட்ட என்னத்தக் கேக்க? உன்ன விட்டுட்டுச் சுரங்கத்த முடிச்சது நான்தான." கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "அரியர் இதனால வரல பாப்பா. கிளாஸ்ல இங்கிலீஷ்ல நடத்துனது எதுவும் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கம். இதுல மட்டும்தான் நிறுத்தி வச்சுட்டு, அர்த்தம் பாத்துட்டு, மெதுவா மேல போக முடிஞ்சுது."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பதினேழு வருடத்தில் நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. என் குற்ற உணர்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அவனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கவே இல்லை.

டீ டம்ளரோடு அப்பா வந்து எங்கள் பின்னால் நின்றார். "இது அந்த கேம்தானா?" என்றார். அண்ணன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. "ஆமாப்பா" என்றான். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து திரையைப் பார்த்தார்.

"என்னடா, பூராம் எழுத்தா இருக்கு? இதையெல்லாம் படிப்பியா நீ?"

"படிச்சாத்தான்ப்பா விளையாட முடியும்."

அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. டம்ளர் காலியாகும் வரை நின்றுவிட்டுப் போனார். இத்தனை வருடத்தில் அந்த கேமை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். சிடி சுற்றாவிட்டால் கவலை வேண்டாம், அநேகமாக அந்த கேம் வேறு எங்காவது உயிரோடு இருக்கும். கூட விளையாடியவருக்கு ஒரு போன் போடுங்கள்.

இரண்டு நாளில் நாஷ்கெல் வரை போய்விட்டோம். சுரங்க வாசலில் சேவ் செய்து வைத்திருக்கிறோம். என் பழைய நோட்டு இப்போது அண்ணன் கடையில் இருக்கிறது, லேப்டாப் சென்னையில் என்னிடம் இருக்கிறது. அடுத்து ஊருக்குப் போகும் வரை அந்த கேமை நான் திறக்கப் போவதில்லை.